ஞாயிற்றுக்கிழமைகளின் சராசரி

சிந்தனையை வளர்ப்பதற்கென்று ஒரு குழு போட்டால் அங்கே முதலில் வளர்வது பிஸ்கட் தட்டுதான். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஃபிஜியில், சுவாவில் நான் வேலை பார்த்த கல்லூரியில் அப்படி ஒரு குழு இருந்தது. அது கூடும்போதெல்லாம் தேநீர் கொண்டுபோய் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அடிப்படை அறிவியலிலும் தத்துவத்திலும் புதுச் சிந்தனையை ஊக்குவித்து முன்னேற்றம் காண்பதற்கான குழு என்று அதற்குப் பெயர். இங்கிலீஷில் இதைவிட நீளம். மனதுக்குள் நான் அதை ஊக்குக் குழு என்று கூப்பிடுவேன். ஊக்கு என்றால் சேலையில் குத்துகிற பின்னும்தானே.

இதைத் தமிழில் எழுத எனக்குப் பயமே இல்லை. அந்தக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தமிழ் வம்சத்தில் வந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அ எது, ஆ எது என்று தெரியாது. நான் வுனிமோனோவில் பிறந்தவள். அங்கே கோயில் கொட்டகையில் சனிக்கிழமை தோறும் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் ஹிந்திக்குப் போய்விட்டார்கள். நான் பிடிவாதக்காரி, விடவில்லை. மீதித் தமிழை ஆக்லாந்து வந்த பிறகு இலங்கைக்காரர் கடையில் வாங்கிய புத்தகங்களில் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் இயற்பியல் துறையில் நான் உதவியாளர். கட்டடத்துக்குப் பின்னால், கண்டல் மரங்கள் தொடங்குகிற சேற்று ஓரத்தில் ஒரு மரக்குடில் இருந்தது. கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் பித்தளை. உள்ளே பட்டு நூலில் ஒரு காந்த ஊசி தொங்கும். அதன் மேல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. சிறு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியாக விழும். அங்கே ஓர் அளவுகோல் ஒட்டியிருக்கும். பூமியின் காந்தம் கொஞ்சம் அசைந்தால் ஊசி அசையும், புள்ளி நகரும். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை போய், புள்ளி எங்கே நிற்கிறது, எவ்வளவு நடுங்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதுவது என் வேலை. சாவி, கடிகாரம், கொண்டை ஊசி, சேலைப் பின் எல்லாவற்றையும் குடிலுக்கு வெளியே நன்றாகத் தள்ளி ஒரு மரத்தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சேலைப் பின் போதும், அன்றைய அளவு முழுவதும் பொய்யாகிவிடும்.

இதனால் என்ன லாபம் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு லாபமும் இல்லை. அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்தது.

துறைத் தலைவர் லம்பாசாவில் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நல்ல மூளை, அதை மறுக்க மாட்டேன். மூளையில்லாதவர் மேல் எனக்கு எதற்கு இவ்வளவு கோபம் வரப்போகிறது? என்னோடு அவர் ஹிந்தியில் பேசுவார். நாலு பேர் இருந்தால் இங்கிலீஷ். தாத்தா காலத்துத் தமிழ் கொஞ்சம் அவர் நாக்கில் மிச்சமிருந்தது. அதை என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் வெளியே எடுப்பார். அவருக்குத் தமிழ் வந்தால் எனக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. சில மாதம் கழித்து, போதாது என்று இன்னொரு தடவையும் பிடித்தது. எங்களைப் போன்ற இந்திய வம்சத்தார் நாட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கல்லூரியில் அதிகம் நடந்தது பிரிவுபசாரம்தான். வாரம் தவறாமல் ஒரு மேசை காலியாகும், ஒரு கேக் வெட்டப்படும். போகிறவர் இந்த மண்ணை மறக்க மாட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெட்டியை அவர் போன மாதமே கட்டி முடித்திருப்பார். மிஞ்சியவர்கள் இரண்டு வகை. வெளிநாட்டுக் குடியேற்றக் காகிதம் இன்னும் வராதவர்கள், காலியான நாற்காலியைக் கண்டு ஆசைப்பட்டவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாது. கடை கூடாது, பஸ் கூடாது, விளையாட்டுக் கூடாது. மாதா கோயிலுக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, சுவாவுக்கு வெளியே நசினுவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மினிபஸ் ஓடாத நசினுவை அன்றுதான் பார்த்தேன். மர அறுவை ஆலை இல்லை, கடைக்காரர்களின் ஜெனரேட்டர் இல்லை, லாரி இல்லை. எங்கேயோ ஒரு குழந்தை அழுவது மூன்று தெரு தாண்டிக் கேட்டது. என் வீட்டுக்காரர் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஊசி ஞாபகம் வந்தது. வார நாட்களில் புள்ளி எப்போதும் ஓரம் மங்கி நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் வானத்திலிருந்து வருகிறதா, எங்கள் மோட்டார்களிலிருந்து வருகிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தீவையே நிறுத்திவைக்க வேண்டும். எந்த நாட்டில் எந்த விஞ்ஞானிக்கு அது முடியும்? இங்கே பட்டாளம் வாராவாரம் இலவசமாக நிறுத்திக் கொடுக்கிறது.

திங்கட்கிழமை காலை தலைவரிடம் இதைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், கரும்பலகையில் ஏதோ கணக்குப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மதியத்துக்குள் அது அவருடைய யோசனையாகிவிட்டது. போனால் போகட்டும், யோசனைக்கு யார் பெயர் போட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். மாலையில் அவருக்குத் தமிழ் வந்தது.

"தங்கச்சி, நீ நம்ம ஆளு. ஞாயித்துக்கெளம நீ போயி பாத்துட்டு வரியா? எனக்கு அது பெரிய மதத்."

மதத் என்றால் உதவி. பிடிபட்டால் உள்ளே போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் கேட்காவிட்டாலும் போயிருப்பேன். எனக்கு அந்த அளவுகள் வேண்டும். அவருக்காக இல்லை, கல்லூரிக்காகவும் இல்லை. பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

பக்கத்து வீட்டு ஃபிஜியம்மா மாதா கோயிலுக்குப் போகும் வெள்ளை உடுப்பு ஒன்றைக் கடன் கொடுத்தாள். குறிப்பேட்டுக்குக் கறுப்பு உறை போட்டு பைபிள் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நசினுவிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. வழியில் ஒரு பாலத்தருகே தடுப்புப் போட்டு ஒரு பட்டாளத்தான் நின்றான். எங்கே என்று கேட்டான். மாதா கோயில் என்றேன். என் முகத்தைப் பார்த்தான், உடுப்பைப் பார்த்தான். எந்த மாதா கோயில், அங்கே என்ன பாட்டு, ஒன்று பாடு என்றான்.

எனக்குத் தெரிந்த பக்திப் பாட்டெல்லாம் தீமிதிக்குப் பாடுகிற மாரியம்மன் பாட்டுத்தான். வேறு வழியில்லை, அதையே மெதுவாக இழுத்துப் பாடினேன். அவன் தொப்பியைக் கழற்றினான். முடிந்ததும் ஆமென் என்றான். மாரியம்மனுக்கு அப்படி ஒரு ஆமென் அதற்கு முன் கிடைத்திருக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

குடிலுக்குள் போய் விளக்கைப் போட்டேன். புள்ளி நடுங்கவில்லை. இத்தனை வருஷம் மங்கலாகப் பார்த்த ஓரம் கத்தியால் வெட்டினது மாதிரி நின்றது. வந்த காரியம் முடிந்தது என்று எழுதப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. மிக மெதுவாக ஒரு பக்கம் போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. கடிகாரம் வெளியே தட்டில் இருந்தது, அதனால் வாயால் எண்ணினேன். கொட்டகையில் கற்ற ஒன்று இரண்டு மூன்று. போய்த் திரும்ப நாற்பது. அடுத்த தடவையும் ஏறக்குறைய நாற்பது. வார நாள் நடுக்கத்தின் அடியில் இந்த அசைவு எப்போதும் இருந்திருக்கிறது. எங்கள் இரைச்சல்தான் அதை மூடியிருந்தது.

அந்தப் பலகைத் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன். சந்தோஷம்தான்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. மழையில் போனேன், காய்ச்சலோடு போனேன். சில வாரம் அசைவு பெரிதாக இருந்தது, சில வாரம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். எத்தனை எண்ணிக்கை, எவ்வளவு தூரம், வானம் எப்படி, எல்லாம். பட்டாளத்தான் தூரத்திலேயே கையைத் தூக்கி, புலா என்று வணக்கம் சொல்வான். ஒரு நாள் மட்டும் புத்தகத்தைக் காட்டச் சொன்னான். உள்ளே எண்கள். பொய் சொல்ல நேரமில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஊசி, ஒளி, அது தானாக அசைகிறது என்று. அவன் புத்தகத்தை மூடிக் கொடுத்தான். யாரும் பார்க்காதபோதும் அது அசையுமா என்று கேட்டான். அசையும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டான். அந்த வருஷம் முழுவதும் இந்த ஆராய்ச்சியைப் பற்றி உருப்படியாகக் கேள்வி கேட்டவன் துப்பாக்கியோடு நின்ற அவன் ஒருத்தன்தான்.

இனி ஊக்குக் குழு. ஆட்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கல்லூரியில் சிந்தனை குறைந்துவிட்டது என்று மேலிடத்துக்குக் கவலை. அதனால் குழு. அதன் தலைவர் முன்பு மாணவர் விடுதிப் பொறுப்பில் இருந்தவர். மேலே இருந்த மூன்று பேரும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட, ஒரு புத்தகமும் எழுதாமல் ஒரு தவறும் செய்யாமல் மேலே வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் துறைத் தலைவர் ஓர் உறுப்பினர். தத்துவம் கற்பித்தவர் இன்னொருவர். எளிய விஷயத்தை யாராவது எளிதாகச் சொல்லிவிட்டால் முகம் சுளிப்பவர் அவர். இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் பிஸ்கட்டுக்கு வந்தவர்கள், விட்டுவிடுகிறேன்.

குழு ஒரு படிவம் தயாரித்தது. இந்தக் கண்டுபிடிப்பு எந்த மாதம் நடக்கும் என்று ஒரு கேள்வி. எதிர்பாராத முடிவுகள் எத்தனை, முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று இன்னொரு கேள்வி. எங்கள் துறைக்காக அதை நிரப்பியது நான். எதிர்பாராத முடிவுகள் என்ற இடத்தில் மூன்று என்று எழுதினேன். யாராவது சிரிப்பார்கள், அல்லது கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மற்றத் துறைகள் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டன என்று கேட்டார்களாம்.

பிறகு ஊசியைப் பார்க்க வந்தார்கள். சாவியையும் பெல்ட்டையும் தட்டில் வைக்கச் சொன்னேன். நாங்கள் வாசலில் நின்றே பார்க்கிறோம் என்றார் குழுத் தலைவர். வாசல் என்பது ஊசியிலிருந்து நாலடி. ஆறு பேர் சாவிக்கொத்தோடு வந்து நெருக்கினார்கள். புள்ளி அளவுகோலைத் தாண்டி ஓடிச் சுவர் மூலையில் போய் நின்றது. குழுத் தலைவருக்கு ஒரே ஆனந்தம். நம்மை உணர்ந்துவிட்டது பார்த்தீர்களா என்றார். இதை வைத்துப் புயல் வருவதைச் சொல்லலாமா என்றும் கேட்டார். புயலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் தலைவர் என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், காலப்போக்கில் சொல்லலாம் என்றார். அறிக்கையில் புயல் முன்னறிவிப்பு என்று ஏறிவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதையை நான் குறை சொல்லவில்லை. கற்பூரத்தை விற்க வந்தவரைத்தான் சொல்கிறேன்.

எங்கள் துறைத் தலைவர் அந்த ஞாயிற்றுக்கிழமை அளவுகளை வைத்துக் கட்டுரை எழுதினார். வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புமுன் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அங்கேதான் ஒருவருக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அளவு என்றால் ஞாயிற்றுக்கிழமை யாரோ வேலை செய்திருக்கிறார்கள். சட்டப்படி குற்றம். கல்லூரியின் பெயரைப் போட்டு அதை அச்சில் ஏற்றுவதா என்று எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. நான் அப்போது கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த யாரோ நான்தான் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

தத்துவக்காரர் கையை உயர்த்தினார். பிரச்சினை இல்லை என்றார். சட்டப்படி அந்த நாட்களில் இந்த நாட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. நடக்காத வேலையிலிருந்து அளவு எப்படி வரும்? ஆகவே அந்த அளவுகள் கண்டிப்பான அர்த்தத்தில் இல்லை. இல்லாததை நீக்குவது நீக்குவதே ஆகாது. இப்படிப் போயிற்று அவர் பேச்சு. சுற்றியிருந்தவர்கள் பெரிய விஷயம் கேட்டவர்களாகத் தலையாட்டினார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நிரூபிக்க இவர் கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கி வந்திருந்தார்.

இதாவது போகட்டும், அவர் பிழைப்பு அது. சனிக்கிழமை அளவையும் திங்கட்கிழமை அளவையும் எடுத்து நடுவில் சராசரி போட்டுவிடலாம் என்று சொன்னது யார் தெரியுமா? எங்கள் தலைவர். வகுப்பில் முதல் நாளே கையை ஓங்கி, அளவு என்பது சத்தியம், அதைத் தொடாதே என்று சொல்லுகிறவர். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். அவருடைய கனடாக் காகிதம் அப்போது பாதி வழியில் இருந்தது. கல்லூரியிலிருந்து ஒரு நல்ல கடிதமும் போலீஸிடமிருந்து ஒரு சுத்தமான கடிதமும் வந்தால் போதும், விமானம் ஏறிவிடலாம். அவர் முகத்தில் நான் பார்த்த அந்த வெளிச்சம் எங்கே போயிற்று என்று தேநீர்த் தட்டைப் பிடித்தபடி பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தார்.

மறுநாள் மதியம் என் மேசைக்கு வந்தார். ஒரு புதுக் குறிப்பேட்டை வைத்தார். தமிழ் வந்துவிட்டது.

"தங்கச்சி, பழய புக்க எனக்குக் குடு. இந்தப் புது புக்குல நீயே எழுதிடு. கையெழுத்து ஒண்ணா இருக்கணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமைகளைக் காலியாக விட்டுவிடலாமே என்றேன். காலியாக விட்டால் ஏன் காலி என்று சஞ்சிகையில் கேட்பார்கள், தவிரவும் கட்டுரையே ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தானே என்று ஹிந்தியில் சொன்னார். சஞ்சிகை கேட்டால் அளந்தது, போலீஸ் கேட்டால் வெறும் சராசரிக் கணக்கு, யாரும் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாம். அந்த மெதுவான அசைவை என்ன செய்வது என்று கேட்டேன். அது உன் வாயால் எண்ணியது, கடிகாரத்தில் பார்த்ததில்லை, அதை யார் ஒப்புக்கொள்வார்கள் என்றார்.

"அப்ப நா பாத்தது, மாஸ்டர்?"

"பாத்தது ஒனக்குத் தெரியும்ல. அது போதும். ஒன் லெட்டர நா இன்னிக்கே டைப் பண்ணிடறேன்."

என் கடிதம். அதையும் சொல்லிவிட வேண்டும். நாங்களும் நியூசிலாந்துக்கு மனுப் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளார்க்கு. அவர் வேலைக்கு அங்கே மதிப்பில்லை. என்னை வைத்துத்தான் மனு நின்றது. அறிவியல் துறையில் பயிற்சி பெற்ற திறமையான ஊழியர் என்று துறைத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்தால் குடியேற வேண்டிய பாயின்ட் சேரும், வராவிட்டால் சேராது. இரண்டு பாயின்ட் இடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தினமும் எண்ணிப் பார்ப்பார். எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டு இடிக்கும். வுனிமோனோவில் என் அண்ணன் வீட்டில் கல்லெறிந்து ஜன்னலை உடைத்திருந்தார்கள். ஆக, கேள்வி ஒன்றுதான். நான் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் நிற்குமா, நிற்காதா? அது என் கையில் இருந்தது, வேறு யார் கையிலும் இல்லை.

இரண்டு நாள் மதியம் உட்கார்ந்து எழுதினேன்.

எழுதும்போதுதான் தெரிந்தது, சரியான சராசரி போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று. எல்லா ஞாயிறும் சனிக்கும் திங்களுக்கும் நட்ட நடுவில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ளினேன், அடுத்ததைக் கீழே இழுத்தேன். பேனாவை மாற்றினேன். மழை பெய்த வாரங்களில் பக்கத்தின் ஓரத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்தேன். ஒரு இடத்தில் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினேன், நிஜமான குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கும் என்பதால். கற்பனை அருவியாகக் கொட்டியது. குழு இருந்த காலம் முழுவதும் அந்தக் கல்லூரியில் ஊக்கம் பெற்று முன்னேறிய புதுச் சிந்தனை அது ஒன்றுதான், அதைச் செய்தவள் நான். சராசரி என்ற சொல்லிலேயே சரி என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் வைத்த பெயரோ, நல்ல ஏமாற்றுக்காரர்.

தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப நல்லா இருக்கு என்றார். பழைய குறிப்பேட்டைக் கறுப்பு உறையோடு தன் பையில் போட்டுக்கொண்டார். அது என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தை ஒரு கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார்.

கட்டுரை வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊசி மற்ற நாட்களைப் போலவே இருக்கிறது, ஆகவே மனிதர் செய்கிற எதுவும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு. சனியையும் திங்களையும் கூட்டி இரண்டால் வகுத்து, அது சனியையும் திங்களையும் போலவே இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குக் குழு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தியது. அன்று பிஸ்கட்டோடு கேக்கும் இருந்தது. கடைசி வரியில் என் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். தலைவர் கனடாவுக்குப் போனார். தத்துவக்காரர் ஆஸ்திரேலியாவில் ஒழுக்கவியல் கற்பிக்கிறார் என்று கேள்வி. குழுத் தலைவர் மட்டும் ஃபிஜியிலேயே இருந்தார், அவரை எந்த நாடும் கேட்கவில்லை. நாங்கள் ஆக்லாந்துக்கு வந்தோம். ஒரு ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் இரத்தத்தைச் சோதிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல வேலை. அங்கே யாரும் சராசரி போடச் சொல்லவில்லை.

இத்தனை பேரையும் இவ்வளவு நேரம் திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறது, யோக்கியதை இருக்கிறதா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். அதற்குத்தான் வருகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலை போன் வந்தது. வெளிநாட்டில் எங்கேயோ ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண். கனடாவுக்குப் போன எங்கள் தலைவரிடம் கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறாள். குரலைக் கேட்டால் முப்பது வயதுகூட இருக்காது. பூமியின் காந்தத்தில் மெதுவாக வந்துபோகும் ஓர் அசைவைப் பற்றித் தான் ஆராய்வதாக இங்கிலீஷில் சொன்னாள். மற்ற இடங்களிலெல்லாம் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. முழுத் தீவும் அடங்கிக் கிடந்த நாட்களில் எடுத்த அளவு உலகத்தில் சுவாவில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரையில் ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்பச் சாதுவாக இருக்கின்றன, அவள் கணக்குப்படி அப்படி இருக்கக் கூடாது. தலைவரைக் கேட்டதற்கு, எனக்கு நினைவில்லை, அளவெடுத்தவரைக் கேளுங்கள் என்றாராம். கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிப்புள்ளி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்ததை நீங்கள் பார்த்தீர்களா?

நாற்பது என்ற எண் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை அவளிடம் சொல்லியிருந்தால் போதும். என்னை யாரும் நாடு கடத்தப் போவதில்லை. சட்டம் எப்போதோ போய்விட்டது, அந்தக் கடிதத்தை இனி யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். பயம் என்று சொன்னால் அதுவும் பொய். வெட்கம். பேனாவை மாற்றியதையும் பக்கத்தை நனைத்ததையும் அந்தப் பெண்ணிடம் என் வாயால் சொல்ல வேண்டும். அவள் இன்னும் போனில் காத்திருந்தாள்.

இல்லை, ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

நேரில் பார்த்தவர் நீங்கள், நீங்களே சொன்ன பிறகு என் கணக்குத்தான் தப்பாக இருக்க வேண்டும் என்றாள். இந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுவதாகச் சொல்லி நன்றி சொன்னாள். நல்லது என்று நான் போனை வைத்தேன்.